மூன்று கேள்விகளும் ஒரு டிசியும்

பிளஸ் ஒன் சேர்க்கை நடக்கும் வாரத்தில் வரலாற்று ஆசிரியர் என்பவர் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்டுகிறவர். குத்தாலம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் இதே தொழில் என்றால் கீழே உள்ளதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும், ஆறுதலுக்காகப் படியுங்கள்.

மின்விசிறிக்கு அடியில்

பயாலஜி மேசைக்கு முன்னால் வரிசை வாசல்வரை நிற்கும். என் மேசைக்கு வருகிறவர்கள் பேனா கேட்பார்கள், அல்லது காற்று வருகிறதே என்று உட்காருவார்கள். அப்படி உட்கார்ந்த ஒரு விவசாயியை இந்த வருஷம் பிடித்துக்கொண்டேன். வரலாறு என்றால் ராஜாக்களின் பெயரை உருப்போடுவது இல்லை, ஒரே விஷயத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் எதை நம்பலாம் என்று எடைபோடக் கற்றுக்கொடுப்போம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். நாற்றங்காலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு வந்தவர், அவசரம் இருந்தும் பாதியில் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் சொன்னார்:

"நல்லா சொன்னீங்க டீச்சர். பயாலஜியில எடம் காலியானா ஒரு போன் பண்ணுங்க."

தலைமையாசிரியரின் ஆறுதல்

எப்படியோ வகுப்பு சேர்ந்தது, குறைந்தபட்சம் எத்தனை பேர் வேண்டுமோ அதற்குச் சரியாக. ஒருவர் குறைந்தாலும் குரூப்பை மூடிவிடுவார்கள். நான் உபரி ஆசிரியர் ஆகிவிடுவேன், எங்கே காலியோ அங்கே போக வேண்டும். எனக்கு இதில் நிஜமாகவே பயம். வீட்டுக்காரருக்கு நிலம் இங்கே இருக்கிறது, அவர் கூட வரமாட்டார். 'தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவாங்க' என்பது மற்றவர்களுக்குச் சொலவடை, எனக்கு அது கனவில் வரும். தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கவலப்படாதீங்க டீச்சர். யாரும் டிசி கேக்காம மட்டும் பாத்துக்குங்க."

பூம்புகாரில் விசாரணை

சான்றுகளைச் சோதிக்க மூன்று கேள்விகள் சொல்லிக்கொடுத்தேன். சொன்னவர் யார்? நேரில் பார்த்தாரா? சொல்வதால் அவருக்கு என்ன லாபம்? பழகிப் பார்க்கட்டும் என்று பூம்புகாருக்குக் கூட்டிப்போனேன்.

கடற்கரையில் ஒருவர் பைனாகுலரை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். தெளிந்த நாளில் பார்த்தால் கடலுக்குள் முழுகின பழைய பட்டணத்தின் கோபுர நுனி தெரியும் என்றார். என் வகுப்பில் முதல் பெஞ்ச் நஸ்ரின், குத்தாலத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகள், அவரை மரியாதையாக அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். நேரில் பார்த்தீர்களா என்று கேட்டாள். அவர் மச்சான் பார்த்தாராம். மச்சானுக்கு என்ன தொழில் என்றாள். அவரும் பைனாகுலர்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"பாக்கணும்னா பாருங்க டீச்சர், இல்லன்னா சுண்டல் வாங்கிச் சாப்பிடுங்க. விசாரணையெல்லாம் வேணாம்."

நல்ல காரியம்

அடுத்த வாரம் நஸ்ரினின் அத்தா பள்ளிக்கு வந்தார். அவளுடைய அக்காவுக்குச் சம்பந்தம் பேசத் தரகர் வந்திருக்கிறார். மாப்பிள்ளை மஸ்கட்டில் மேனேஜர். நஸ்ரின் டீ கொண்டுபோய் வைத்துவிட்டு, அதே மூன்று கேள்விகளை வரிசை மாறாமல் கேட்டிருக்கிறாள். தரகர் மாப்பிள்ளையைப் பார்த்ததே இல்லை என்பது முதல் இரண்டில் தெரிந்தது. மூன்றாவதைக் கேட்டதும் டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

அத்தா, அவளை வேறு பள்ளியில் காமர்ஸ் சேர்க்கப் போவதாகச் சொல்லி டிசி கேட்டார். தலைமையாசிரியர் அசரவில்லை, கிளார்க் லீவு, திங்கட்கிழமை வாங்க என்றார். கிளார்க் பக்கத்து அறையில்தான் இருந்தார். அத்தா கிளம்பும்போது என்னிடம் சொன்னார்:

"காமர்ஸ் படிச்சா கடையில உக்காருவா. இதப் படிச்சா வீட்டுல ஒரு நல்ல காரியம் நடக்காது போலருக்குங்க."

திங்கட்கிழமை

சனி ஞாயிறு முழுக்க வீட்டில் இதையே புலம்பினேன். வீட்டுக்காரர், தண்ணியில்லாத ஊரில் வீட்டு வாடகை குறைச்சலாம் என்றார்.

திங்கட்கிழமை அத்தா சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார். மகள் கேட்டது தப்பு என்று நிரூபிக்க, மஸ்கட்டில் இருக்கும் தங்கச்சி மகனை விசாரிக்கச் சொன்னாராம். அங்கே அப்படி ஒரு மேனேஜர் இல்லை. மாப்பிள்ளை எப்போதோ ஊர் திரும்பி, கும்பகோணத்தில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறார். இவர் டவுன் பஸ்ஸிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். மாப்பிள்ளை இவரை யாரென்று தெரியாமல் இவர் போனுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டிக் கொடுத்தாராம். ஒட்டினது சுத்தமாகத்தான் இருக்கிறது என்று காட்டினார். நான் டிசியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை. அவரே சொன்னார்:

"டிசி வேணாங்க டீச்சர். புதன்கிழமை வேற எடத்துலேருந்து பொண்ணு பாக்க வர்றாங்க, அன்னைக்கு மட்டும் நஸ்ரினுக்கு அரை நாள் லீவு குடுங்க."

வரலாறு இதுவரை யார் யாருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியாது, எனக்கு இருந்த வேலையை இந்த வருஷம் காப்பாற்றிக் கொடுத்தது.