நொச்சி வேதும் நான் ஓடிய ஓட்டமும்

வெல்லாவெளிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் பிள்ளைகளுக்கு மனத்தைரியம் சொல்லிக் கொடுப்பது என் தொழில். பயம் வந்தால் எப்படி மூச்சு விடவேண்டும் என்று சுவரில் படமே வரைந்து வைத்திருக்கிறேன்.

போன வருசம் ஒரு பின்னேரம், மனைவியை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வயல் வட்டைக்குள்ளால் வந்தபோது வளைவில் யானை நின்றது. நான் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். வாய்க்காலைத் தாண்டி, வேலியில் காற்சட்டையைக் கிழித்து, ஒரு காவல் குடிசைக்குள் புகுந்த பிறகுதான் எனக்கொரு மனைவி இருப்பது ஞாபகம் வந்தது. யானை வண்டியை மிதித்துவிட்டுத் தன்பாட்டில் போய்விட்டது. மற்றப் பக்கத்து வரம்பிலிருந்து அவள் சேற்றுக்காலோடு வந்தாள். இருவரும் நசிந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

ஊருக்குச் சொன்ன கதையில், நான் சத்தம் போட்டு யானையை என் பக்கம் இழுத்தேன். அந்த இடம் வரும்போதெல்லாம் மனைவி தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போய்விடுவாள்.

பிறகு கை நடுங்கத் தொடங்கியது. சோறு இறங்கவில்லை. லொறி ஹோர்ன் அடித்தால் வகுப்பு மேசைக்குக் கீழே குனிந்தேன். மூன்று மாதம் என் படத்தைப் பார்த்தே மூச்சு விட்டேன். படம் நல்ல வடிவாகத்தான் இருந்தது.

"இது பயந்த கோறணி, பயத்தால வாற வருத்தம். கதிரவெளியில ஒரு அம்மா மருந்து செய்யிறா. போவம்," என்றாள் மனைவி.

"நான் இதையே படிச்ச ஆள்," என்றேன். அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் இருந்தேன்.

வேடர் குடியில் பிறந்த அந்த அம்மா மீன் காயப்போட்டுக்கொண்டு நின்றார். கதையைக் கேட்டு, என் நாடியைப் பிடித்துப் பார்த்து, நொச்சியிலையும் வேப்பிலையும் போட்டுப் பானையைக் கொதிக்க வைத்தார். நான் பையிலிருந்து கொப்பியை எடுத்து, "இது எப்பிடி வேலை செய்யும்?" என்று கேட்டேன்.

"கொப்பிய வை மனே. தண்ணி ஆறப்போகுது."

வேது பிடிக்க என்னைப் போர்வையால் மூடினார். மனைவியிடம், "நீயும் உள்ளுக்குப் போ மனே. ரெண்டு பேரும்தானே யானையக் கண்ட நீங்க," என்றார்.

உள்ளே ஒரே ஆவி. அவள் முகம் தெரியாதது எனக்கு வசதியாக இருந்தது.

"உன்ன விட்டுட்டு ஓடிட்டன்," என்றேன்.

"தெரியும், கிழிஞ்ச காற்சட்டையக் கண்டனே. ஆனா நீங்க வண்டியப் போட முதலே நான் குதிச்சிட்டன். திரும்பியும் பாக்கல்ல. யானை உங்களப் பிடிச்சிட்டு எண்டுதான் நினைச்சன்," என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன்.

"போர்வையத் தூக்காதீங்க, ஆவி போயிரும்!" என்று வெளியே அம்மா சத்தம் போட்டார்.

தந்துவிட்ட இலைக்கட்டை வைத்து ஏழு நாள் இருவரும் வேது பிடித்தோம். எனக்குச் சோறு இறங்கியது. நடுக்கம் குறைய மாதங்கள் பிடித்தன. ஹோர்னுக்கு இன்னும் குனிகிறேன். யானை நின்ற அந்த வீதியால் போகும்போது, திருத்திய வண்டியை இப்போது மனைவிதான் ஓட்டுகிறாள். நான் பின்னால் இருந்து, இரண்டு பக்கமும் பார்த்துச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.