கேக்காது, கேக்கமாட்டா

கோபாலபுரத்தில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி. குழந்தைகள் ஓ.பி.யில் நான் நர்ஸாகச் சேர்ந்து இரண்டாம் வருஷம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். டாக்டர் வெள்ளைக்காரர், தமிழில் "நாக்கு நீட்டு" என்பதற்கு மேல் தெரியாது. தாய்மார் சொல்வதை இங்கிலீஷில் கேஸ் ஷீட்டில் எழுதுவது என் வேலை. வேகமாக எழுதுவேன் என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

ஒரு காலையில் மெஹருன்னிசா என்ற அம்மாள் ஐந்து வயது மகள் பானுவோடு ராயப்பேட்டையிலிருந்து வந்தாள். புருஷன் வீட்டிலேயே புத்தகம் பைண்டிங் செய்கிறவர்.

"பிள்ளைக்கு என்னம்மா?"

"கூப்ட்டா கேக்கமாட்டா நர்ஸம்மா. பேசவும் மாட்டா."

'டெஃப் அண்ட் டம்' என்று எழுதி நீட்டிவிட்டேன். டாக்டர் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் மணி அடித்தார். பானு ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே இருந்தாள், திரும்பவில்லை. அவர் காது கேளாத பிள்ளைகள் ஹாஸ்டலுக்கு லெட்டர் எழுதிக் கையெழுத்தும் போட்டார். வருஷம் ஒரு தடவைதான் வீட்டுக்கு விடுவார்கள் என்று நான் சொன்னதும் அந்த அம்மாளின் முகம் வெளுத்துப்போனது.

"இன்னாம்மா சொல்றீங்க? இவளுக்குக் காது நல்லா கேக்குதே!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீதானே கேக்கமாட்டான்னு சொன்னே?"

"கேக்காதுன்னா சொன்னேன்? கேக்கமாட்டான்னுதான் சொன்னேன். அவ அத்தா உள்ள காயிதம் கிழிச்சா எங்க கீறாளோ அங்கேந்து ஓடியாருவா. பேர் சொல்லிக் கூப்ட்டாத்தான் திரும்பமாட்டா."

அட, என் மரமண்டையே! தாய்மொழி தமிழ். அதில்தான் கோட்டை விட்டிருந்தேன். டாக்டரிடம் போய், "தப்பு என்னுடையது சார்" என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பயந்தேன். அவர் அந்த அம்மாளுக்கு ஸ்டூல் போடச் சொன்னார். எங்கள் ஓ.பி.யில் தாய்மார் நின்றுகொண்டுதான் பேசுவார்கள்.

"இவங்க சொல்றதை நீ சுருக்காதே. சொன்ன வார்த்தையிலேயே எழுது" என்றார் இங்கிலீஷில்.

அரைமணி நேரம் கேட்டார், நான் தமிழிலேயே எழுதி, வரிவரியாக அவருக்கு இங்கிலீஷில் சொன்னேன். "தண்ணி வேணும்னா என் கையப் புடிச்சி இட்டுனு போயி பானை மேல வெப்பா. என் மூஞ்சியப் பாக்கமாட்டா." "மாவு அரிக்கிற சல்லடையச் சுத்திவுட்டு சுத்திவுட்டுப் பாத்துக்கினே இருப்பா." "ஒண்ணரை வயசுல அம்மான்னு சொன்னா. அப்புறம் இன்னிக்கி வரைக்கும் சொல்லல." இதைச் சொல்லும்போது அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

டாக்டர் எழுந்தார். மேஜைமேல் இருந்த ஹாஸ்டல் லெட்டரை எடுத்துக்கொண்டு பானுவுக்குப் பின்னால் போய் நின்று, மெதுவாகக் கிழித்தார்.

பானு சட்டென்று திரும்பினாள். ஓடிவந்து அவர் கையிலிருந்த துண்டுகளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இது செவிடு இல்லை. இதற்குப் பெயர் எனக்குத் தெரியாது. இவள் தாயோடு இருக்கட்டும். மாதம் ஒருமுறை இருவரும் வரட்டும்" என்றார். ஆட்டிசம் என்ற பெயரை நான் ரிட்டயர் ஆன பிறகுதான் கேள்விப்பட்டேன்.

இப்போது நர்ஸாக வந்திருக்கும் உங்களிடம் நல்ல நல்ல டெஸ்ட் எல்லாம் இருக்கிறது, சந்தோஷம். இருந்தாலும் பெற்றவளை உட்காரவைத்துக் கேளுங்கள், பிறகு எழுதுங்கள். அன்று டாக்டர் சொன்னதை நான் தமிழில் சொல்லி முடித்தபோது மெஹருன்னிசா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்போ எம் பொண்ணு எங்கூடவே இருப்பாளா?"

"இருப்பாம்மா" என்றேன்.