மஞ்சள் கொடி நட்ட இடம்

மூன்றாம் மாடிக்காரர் படியில் ஓடுகிறார் என்பதுதான் வதந்தி. ஆறு வருடமாக ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சை வாடகையாகக் கொடுத்து ஏறியவர், இப்போது இரண்டிரண்டாகத் தாண்டுகிறாராம். காரணம், இரண்டாம் மாடி அக்கா காயவைத்துக் கொடுக்கும் டான்டெலியன் வேர் டீயாம்.

பூங்காத் துறைக் கொட்டகையில் இதைச் சொன்னவர் வண்டி ஓட்டுநர். கேட்டவர் அந்த அக்காவின் சொந்தத் தம்பி; நகரத்துப் புல்வெளிகளில் களைக்கொல்லி தெளிப்பவர். இருபத்திரண்டு வருடமாக அவர் ஒழித்துக்கட்டுவதே அந்தச் செடியைத்தான். புல்லுக்குள் பல்லைக் காட்டும் மஞ்சள் பூ, முற்றினால் ஊதியதும் பறக்கும் பஞ்சுத்தலை, கிள்ளினால் பால்.

"நீங்க கொல்றதை உங்க அக்கா காய வைக்கறாங்க. குடும்பத் தொழிலா?" என்றார் ஓட்டுநர்.

"விக்கறாளா?"

"சும்மாதான். காசை நீட்டினா கதவைச் சாத்திடறாங்களாம்."

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவோடு பேச்சு நின்று நாலு வருடம். அத்தான் இறந்த மாதம், வீட்டைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அத்தானின் பழைய செருப்பைத் தம்பி குப்பையில் போட்டுவிட்டார். அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் வெளியே போகும்வரை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாயந்திரம் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். வதந்தியை விசாரிக்க மட்டும்தான் போவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முதல் சாட்சி படியிலேயே கிடைத்தது. மூன்றாம் மாடிக்காரர் உண்மையிலேயே ஓடிவந்தார், சாவியை முன்னால் நீட்டியபடி.

"முட்டி வலி போயிடுச்சாமே அண்ணே?"

"முட்டி அப்படியேதான் இருக்கு. வழியை விடுப்பா, வயிறு காத்திருக்காது."

மேலே வாசல் கதவு அறைந்தது. உடனே உள்ளே இன்னொரு கதவும் அறைந்தது.

அக்கா, நேற்று வந்துபோனவனைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள். "உள்ள வா. உன் செருப்பு வெளியிலேயே கிடக்கட்டும், யாரும் குப்பையில போட மாட்டாங்க."

சமையலறை முழுக்கச் செய்தித்தாள். அதன்மேல் இலை, பூ, சீவிய வேர். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபது வருடம் இருந்தவள். ஒவ்வொரு தாளிலும் தேதி எழுதியிருந்தாள். இலை நீர் பிரிய, வேர் ஈரலுக்கு, பூவை எண்ணெயில் ஊறப்போட்டால் மூட்டுக்கு என்று பாகம் பிரித்துவைத்திருந்தாள். வறுத்த வேரைக் கொதிக்கவிட்டு ஒரு தம்ளர் நீட்டினாள். கசந்தது. பாதி குடித்தார்.

"முதல்ல வயிறு போகும், பயப்படாதே. அழுக்கு வெளியேறுது. எனக்கே மூணு வாரமாப் போகுது."

"உனக்குள்ள அவ்வளவு அழுக்கா?"

"உன்னைத் தூக்கி வளர்த்த அழுக்கு."

"எங்கக்கா பறிக்கறே?"

"தெரியாத மாதிரி கேளு. நீ கொடி நட்ட இடத்துலதான்."

தம்ளர் உதட்டிலேயே நின்றுவிட்டது.

தெளித்த புல்வெளியில் யாரும் இறங்கக் கூடாது என்று அவர் மஞ்சள் கொடி நடுவார். அதில் ஒரு பாதம், பாதத்தின் குறுக்கே சிவப்புக் கோடு. சிக்கனமான துறை, பல வருடமாக அதே கொடிகள். கோடு வெயிலில் வெளுத்துப்போய், மிஞ்சியது பாதம் மட்டும். தெளித்த செடியோ உடனே வாடாது. சில நாள் தளதளவென்று நின்று ஏமாற்றும்.

"எங்க பஸ் ஸ்டாப் எதிர்ல நட்டே. அப்புறம் பாலத்துக்குக் கீழ. பூ எங்க அடர்த்தியோ அங்கல்லாம் நட்டே," என்றாள் அக்கா. "வாய்தான் வரலை, அக்காவுக்கு இடமாவது காட்டறானேன்னு நினைச்சேன்."

தம்ளரைத் தரையில் வைத்தார். "அது விஷம் அடிச்ச இடம்க்கா."

"கால் படம் போட்டிருக்கே."

"கால் வைக்காதேன்னு."

அடுப்பை அணைத்தாள். தன் கையெழுத்தில் இருந்த தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ எனக்காக நடலையா?"

இல்லை என்ற ஒரே சொல்தான் பதில். இருபத்திரண்டு வருடம் எதையும் யோசிக்காமல் தெளித்தவருக்கு அதைத் தெளிக்க வரவில்லை. "எத்தனை வீட்டுக்குக் குடுத்தே?" என்றார்.

விரல்விட்டு எண்ணினாள். "ஏழு."

ஏழு கதவையும் தட்டினார்கள். குடித்தவர்கள் எல்லாரும் ஓட்டுநரின் வண்டியில் மருத்துவமனைக்குப் போனார்கள். மருத்துவர் களைக்கொல்லி டப்பாவின் சீட்டைப் படித்தார், ரத்தம் எடுத்தார், வயது பார்க்காமல் திட்டினார். பெரிய கேடில்லை என்று மறுநாள் தெரிந்தது. அக்காவின் வயிறு நாலாம் நாள் அடங்கியது. அழுக்குத் தீர்ந்ததா என்று கேட்கும் தைரியம் தம்பிக்கு இல்லை.

ஆறு வீட்டு வேர் பாட்டில்கள் சத்தமில்லாமல் திரும்பின. மூன்றாம் மாடிக்காரர் மட்டும் முக்கால் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"கொண்டுபோய்க் கொட்டு. ஆனா முக்கால் பாட்டில் நல்ல வேர் எனக்கு வந்தாகணும். அந்தக் கசப்பு பழகிப்போச்சு."

"தர்றேன் அண்ணே," என்றார் தம்பி. அக்கா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டாள்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் இருவரும் பையும் களைக்கொத்தியுமாகக் கிளம்புகிறார்கள். வேண்டியதெல்லாம் அவர் தெளிக்காத ஓர் இடம். விளையாட்டு மைதானத்தில் அவர் தெளித்திருக்கிறார். கால்வாய்க் கரையிலும் அவரே. கல்லறைத் தோட்டத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

"நல்லாத்தான் வேலை பார்த்திருக்கே," என்கிறாள் அக்கா.

போன ஞாயிறுவரை சேர்ந்தது ஒரு கைப்பிடி. அதுவும் காய்ந்தால் பாதியாகிவிடும்.