ஒரு வெறும் போத்தலுக்காக

அசனார் நானா மௌத்தாகிவிட்டார்.

டிஸ்பென்சரிக்கு எதிரே சில்லறைக்கடை வைத்திருந்த நான் படிப்பிக்கிற இந்தச் சிலாவத்துறையின் அசனார் நானா. காய்ச்சல் என்கிறார்கள். காய்ச்சலாம்... போத்தல் இல்லாமல் செத்தார் அந்த மனிதர்!

கல்லூரித் தோழிகளே, உங்கள் எல்லோருக்கும் இந்த ஒரு கடிதம்தான். வாசித்துவிட்டு அடுத்தவளுக்கு அனுப்புங்கள். பிள்ளை மடியில் அனலாய்க் கிடக்கிறாள். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே டிஸ்பென்சரியைத் தருமாஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். மருந்து சும்மா. போத்தல் நாம் கொண்டுபோக வேண்டும். அது தெரியாமல் முதல்தடவை வெறுங்கையோடு போய் நின்றேன்.

"தருமத்துக்கு மருந்தும் தந்து போத்தலும் தர ஏலுமே?" என்றார் மருந்து ஊற்றுகிற அப்போதிக்கரி.

எனக்கு வந்த கோபத்தில், நாங்கள் கட்டுகிற உப்பு வரியில்தானே இந்த மருந்து என்று தொடங்கி முழு இங்கிலீசில் பொரிந்து தள்ளினேன். ஜன்னல் சாத்தப்பட்டதுதான் மிச்சம்.

எதிர்க்கடையிலிருந்து சிரிப்பு. "டீச்சர் புள்ள, இங்கிலீசுக்குள்ள மருந்து ஊத்த ஏலாது. இந்தாங்க போத்தல்."

பன்னீர்ப் போத்தல், எண்ணெய்ப் போத்தல் எல்லாம் சேர்த்து, சாம்பல் போட்டுக் கழுவி, கடதாசி சுருட்டி மூடி வைத்திருப்பார். யார் கேட்டாலும் கொடுப்பார்.

சாராயப் போத்தலை மட்டும் தொடமாட்டார். கரைவலை இழுக்கிற சவேரியான் ஒருநாள் அதோடு வந்து நின்றான்.

"தள்ளி நில்லுடா! உன்ட புள்ளைக்கு மருந்தா குடுக்கப்போறாய், வெறியா?"

"மணத்துக்கே காய்ச்சல் ஓடிடும் நானா!"

திட்டிக்கொண்டே நல்ல போத்தலாய்ப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

இந்த மழைக்கு வீட்டுக்கு வீடு காய்ச்சல். அவருடைய போத்தல் தட்டும் காலி. அப்போதுதான் அவரும் விழுந்தார்.

அவர் மனைவி, நான் ராத்தா என்று கூப்பிடுகிறவர், ஒரு தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடினார். "இதில ஊத்துங்க ஐயா. எதிர்வீடுதானே... ஒரு சொட்டும் சிந்தாமக் கொண்டுபோறன்."

"கோப்பையில ஊத்தேலாது. ரூல்."

ரூல்! றோட்டைத் தாண்டினால் வீடு. டிஸ்பென்சரிக்குள்ளே சாடி நிறையக் காய்ச்சலுக்கான கொயினா மருந்து. ராத்தா தெருத்தெருவாய்ப் போத்தல் தேடி வருவதற்குள் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். விடியுமுன் நானா போய்விட்டார்.

மையத்தை எடுத்து அடக்கிய பிறகு அப்போதிக்கரி சொல்கிறார்: "வாங்கின ஆக்கள் போத்தலைத் திருப்பிக் குடுத்திருக்க வேணும்." எங்கள் தலையில் போடுகிறார் பழியை! வாய் கூசவில்லை...

அரசாங்க ஏசண்டர் துரை பார்க்க வருகிறார் என்றால் சுவருக்கு வெள்ளையடிக்கத் தெரிகிறது. கொழும்பிலே அரசாங்க சபையில் எல்லோருக்கும் இலவச வைத்தியம் என்று மேசையில் அடித்துப் பேசுகிறார்களாம். பேசட்டும். அந்த மருந்து ஒரு றோட்டைத் தாண்டவில்லை.

நாளைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறேன். வீட்டில் நானா அன்று தந்த போத்தல் இருக்கிறது. கொண்டுபோகமாட்டேன். அதே கோப்பையை ராத்தாவிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

ஊற்றும்வரை ஜன்னலை விட்டு அசையமாட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. காய்ச்சல் என் பிள்ளைக்கல்லவா...

போய் ஆறுதலாய்ப் படுங்கோ நானா.