இன்னும் கொஞ்சம் இரும்பு பாக்கி

எங்க வீட்டுக்காரரைக் கோளரங்கத்துல எல்லாரும் ஆமைன்னுதான் கூப்பிடுவாங்க. பேர் வெச்சவங்க வாய்க்குச் சர்க்கரை போடணும். அதே இடத்துல டிக்கெட் ஜன்னல்ல உக்கார்றவ நான். காட்சி முடிஞ்சு வர்ற கூட்டத்துக்கிட்ட வாங்கிக் கட்டிக்கிறது என் தலையெழுத்து.

அவருக்கு ஒரே காட்சிதான், பூமிக்குக் காத்து வந்த கதை. இருட்டுல மைக்கைப் பிடிச்சு அவரே பேசுவார். முதல்ல இருந்த லேசான காத்து பறந்து போச்சு, எரிமலைங்க கக்கின ஆவியும் புகையும் பூமியை மூடுச்சு, மழை கொட்டிக் கடலாச்சு. அதுவரைக்கும் சரி. அப்புறம்தான் வம்பு. கடல்ல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க ஆக்சிஜனை விடும். தண்ணியில கரைஞ்சிருக்கிற இரும்பு அதைப் பிடிச்சுத் துருவாக்கி அடியில தள்ளிடும். இரும்பு தீர்ற வரைக்கும் ஆக்சிஜன் மேல வராது, வானமும் புகைமூட்டத்துல ஆரஞ்சாவே கிடக்கும். பூமியோட வயசை அப்படியே காட்சி நேரத்துக்குப் பங்கு பிரிச்சு வெச்சிருக்கார் மனுஷன். பாதிக் காட்சி ஆரஞ்சு! டைனோசர் கடைசியில தலையைக் காட்டிட்டு ஓடிடும். பிள்ளைங்க அழும், பெத்தவங்க என் ஜன்னல்ல வந்து கத்துவாங்க.

"கொஞ்சம் சுருக்கினா குடியா முழுகிடும்?"ன்னு கேட்டா, "அவசரப்படுத்தினா பொய்யாயிடும்மா"ம்பார்.

மேனேஜரும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை ஒரு புகார் வந்தாலும் பதிவு பண்ணின குரலைப் போட்டுடுவேன். நீங்க வாசல்ல டிக்கெட் கிழிங்க"ன்னுட்டார். வீட்டுல நாலு வார்த்தை பேசாதவர், அந்த இருட்டுலதான் மனுஷனா இருப்பார். அதைப் பிடுங்கிட்டா என்ன ஆவார்? கெஞ்சினேன். சரி சரின்னு தலையை ஆட்டினார்.

ஞாயித்துக்கிழமை கதவைத் திறந்து எட்டிப் பாக்கிறேன், ஆரஞ்சு. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாக்கிறேன், அதே ஆரஞ்சு! பாதிப் பேர் எழுந்து போயாச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. விறுவிறுன்னு அவர்கிட்டப் போய், "உங்களுக்கென்ன கிறுக்கா?"ன்னேன். மைக் திறந்திருந்தது. மிச்சமிருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. அவர் மட்டும் சிரிக்கல. "இன்னும் கொஞ்சம் இரும்பு பாக்கி இருக்கு"ன்னார்.

அப்புறம் என்ன, மறுநாளே பதிவுக் குரல். வாசல்ல நின்னு டிக்கெட் கிழிச்சார், வாயே திறக்கல. வீட்டுலயும் அப்படியே. நானா எதாவது கேட்டா "ம்"ங்கிறதோட சரி.

அப்படி என்னதான் போடுறாங்கன்னு ஒருநாள் உள்ள போய் உக்காந்தேன். யாரோ ஒரு மகராசன் கணீர்னு பேசினான். எரிமலை, மழை, கடல்... தொண்டையைச் செருமறதுக்குள்ள வானம் பளிச்சுன்னு நீலம்! பிள்ளைங்க கை தட்டுச்சுங்க. அடப்பாவிகளா, இரும்பு எங்கடா? அத்தனை காலம் எங்க போச்சு? எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஆத்திரம் வந்துச்சோ.

நேரா வாசலுக்கு அவர்கிட்டப் போனேன். அடுத்த காட்சிக்குக் கூட்டம் நிக்குது. "அந்த ஆளு இரும்பை முழுங்கிட்டான். தீர எத்தனை காலமாச்சு? நீங்க சொல்லுங்க"ன்னேன். கிழிக்க எடுத்த டிக்கெட் கையிலேயே நிக்க, என்னையே பார்த்தார்.

"அது பெரிய கதைம்மா."

"சொல்லுங்க."

ஆரம்பிச்சார். வரிசை தெருமுனை வரைக்கும் நீண்டு, எல்லாரும் கத்த ஆரம்பிச்சாங்க. கத்தட்டும்னு விட்டுட்டேன்.