ஒரு சுழி குறைந்த சிலேட்டு

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் கோட்டு தைக்கத் தெரிந்த தையல்காரன் அந்தக் காலத்தில் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, சொன்னால் பெருமையாகத்தான் இருக்கிறது. படிப்பு இரண்டாம் வகுப்பு. மிஷின் என் சொந்த உழைப்பில் வாங்கியது. யாருடைய அளவையும் தாளில் குறிக்க மாட்டேன், எல்லாம் தலைக்குள் இருக்கும்.

எங்கள் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டுமா, மலையாள நாட்டோடு நிற்கவேண்டுமா என்று போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. இரண்டு கட்சிக்கும் கொடி தைத்தவன் நான். காலையில் ஒரு கட்சி வந்து அவசரப்படுத்தும், உச்சைக்கு மற்றது வரும். இதற்கிடையில் ஒரு கல்யாணக் கோட்டு. மாப்பிள்ளையின் மாமா கொழும்பிலிருந்து கொண்டுவந்த துணி. அதில் இன்னொரு முழம் வேண்டுமென்றால் கப்பல்தான் ஏறவேண்டும். வியாழக்கிழமை கல்யாணம். செவ்வாய்க்கிழமை வந்தும் துணியில் கத்திரி படவில்லை.

நான்கு நாளாகச் சரியான தூக்கமில்லை. முந்தின நாள் ஒரு ஜம்பருக்கு இரண்டு கையையும் இடது கையாகவே தைத்து வைத்திருந்தேன்.

"கொஞ்சம் கெடந்து எழும்புங்களேன்," என்றாள் என் மனைவி.

"நான் கெடந்தா இந்த ஊரு அம்மணமா நடக்கும்," என்றேன்.

அன்று காலை, ஆட்கள் வந்து தொந்தரவு செய்யாதிருக்க, சிலேட்டை எடுத்து என் கையாலேயே "பணி உண்டு, யாரும் வரவேண்டாம்" என்று எழுதிக் கடைக்கதவில் தொங்கவிட்டேன். பிறகு கொழும்புத் துணியை விரித்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, கத்திரியை எடுத்தேன். கதவு திறந்தது. தமிழ்க் கட்சிக்காரர், கையில் சுக்குக் காப்பியோடு நின்றார்.

"எலே மக்கா, பனி வச்சுக்கிட்டு கத்திரிய ஏன் எடுக்க? கீழ போடு!"

எங்கள் பக்கத்தில் காய்ச்சலைப் பனி என்போம்.

"எனக்குப் பனி இல்லை. பணியாக்கும், பணி!"

"நாக்கு கொழற ஆரம்பிச்சாச்சு," என்று அவர் என் கத்திரியைப் பிடுங்கினார்.

அதற்குள் மலையாளக் கட்சிக்காரர் கஞ்சிப் பானையோடு வந்துவிட்டார். செய்தி சந்தை வரை போயிருந்ததாம்.

"சேட்டா, கிடக்கணம். கொடி பின்னே மதி," என்றார் என்னிடம், கொடி பிறகு போதுமாம். சுக்குக் காப்பிக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "பனிக்கு அதிர்த்தி உண்டோ?" எல்லையைத்தான் அவர்கள் அதிர்த்தி என்பார்கள்.

"உண்டுண்ணா அதையும் உங்க பக்கம் சேத்துக்கிடுவீரே!"

ஒருவர் தலையையும் ஒருவர் காலையும் பிடித்து, தைத்தும் தைக்காமலும் கிடந்த கொடித்துணிக் குவியலில் என்னைக் கிடத்தினார்கள். இரு கட்சித் துணியும் கலந்த அப்படியொரு மெத்தையில் இந்த நாட்டில் வேறு எவனும் படுத்திருக்க மாட்டான். எழுந்து விளக்கம் சொல்லத்தான் நினைத்தேன். கண் அதற்குமுன் மூடிவிட்டது.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆட்கள் போய்விட்டார்கள். உடம்பு பஞ்சு போல இருந்தது. கஞ்சியைக் குடித்துவிட்டுத் துணியைப் பார்த்தேன். காலையில் நான் கோடு போட்டிருந்தது மாப்பிள்ளையின் அளவே இல்லை, குள்ளமான அவன் தம்பியின் அளவு! என் தலைக்குள் அண்ணனும் தம்பியும் இடம் மாறியிருந்தார்கள். வெட்டியிருந்தால் கோட்டின் கை நாலு விரல் குறைந்து, கொழும்புத் துணி போனது போனதுதான்.

சுண்ணக்கட்டிக் கோடுகளைத் தட்டி அழித்தேன். கத்திரியைத் தேடினேன்; என் மனைவி அதை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தாள். பக்கத்தில் சிலேட்டு.

"பணிக்கு மூணு சுழி. நீங்க ரெண்டுதான் போட்டிருக்கீங்க," என்றாள். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள்.

"எப்ப பாத்தே?"

"நீங்க தொங்கவிட்டப்பவே."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"சொன்னா ஒரு சுழியக் கூட்டிட்டு வேலைக்கு இருந்திருப்பீங்க."

அவள் சிரித்தாள். எனக்கும் அடக்கமுடியவில்லை, மெத்தையிலேயே விழுந்து சிரித்தேன்.

வியாழக்கிழமை அந்த நெட்டை மாப்பிள்ளையின் மணிக்கட்டில் கோட்டின் கை அளந்து வைத்தாற்போல் நின்றது. கொடிகள் இரண்டு நாள் தாமதம். ஊர்வலமும் இரண்டு நாள் கழித்தே போனது, ஒன்றும் குடிமுழுகவில்லை.

சிலேட்டை நான் திருத்தவில்லை. கண் எரிய ஆரம்பித்தால் இன்றும் அதைக் கதவில் மாட்டிவிட்டுக் கிடந்துவிடுவேன். எழுத்துத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். இவ்வளவு உபயோகமாகத் தப்பு எழுத இந்தப் பக்கத்தில் என்னை விட்டால் ஆளில்லை.