திரையில் ஒரு தென்னந்தோப்பு

ஓர் ஊருக்குள் புதிதாக ஒன்று வருகிறது. யாரோ ஒருவர் துணிந்து அதை முதலில் வாங்குகிறார். பிறகு அது அடுத்த தோட்டத்துக்கு எப்படிப் போகிறது? இதுதான் என் ஆராய்ச்சிக் கேள்வி. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கம் அப்படிப் புதிதாக வந்துகொண்டிருந்தது சொட்டுநீர்ப் பாசனம். கோயம்புத்தூரில் சமூகவியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்த நான், காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரைத் தேர்ந்துகொண்டேன். முடிந்தபோதெல்லாம் பல்லடம் வழியாக பஸ் பிடித்துப் போய், தோட்டம் தோட்டமாகப் பேசிவிட்டு வருவேன்.

அந்த ஊரில் முதன்முதலாகத் தென்னைக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டவர் ஒரு பெண். நாற்பதைத் தாண்டியவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகளைக் காரமடையில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தோப்பைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படிங்க அக்கா துணிஞ்சு போட்டீங்க?” என்று கேட்டேன்.

“துணிச்சல் எல்லாம் ஒண்ணுமில்லீங் கண்ணு. போர்ல வர்றது கொஞ்சூண்டு தண்ணி. மரத்தக் காப்பாத்தோணுமில்லீங்க.”

அவருடைய மரங்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் ஊரில் வேறு ஒருவரும் குழாய் போடவில்லை. கேட்டால், “பாக்கலாமுங்க, அடுத்த வருசம் பாக்கலாமுங்க” என்று மரியாதையாகச் சொல்லி மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

என்னோடு ஒரே விடுதியில் தங்கியிருந்த தோழி, ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் விரிவுரையாளர். செயற்கை நுண்ணறிவு பற்றிப் பாடம் எடுப்பவள். “உன் ஊரையே கம்ப்யூட்டருக்குள்ள கொண்டாந்து வச்சுப் பாக்கலாம்” என்றாள். பல மாதம் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினாள். ஒவ்வொரு தோட்டமும் திரையில் ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்குள் ஒரு விவசாயி. அவர் அக்கம்பக்கத்தைப் பார்ப்பார், பார்த்ததை நினைவில் வைத்துக்கொள்வார், பிறகு முடிவெடுப்பார். குழாய் போட்டால் கட்டம் பச்சையாகும்.

“பெரிய அறிவெல்லாம் இல்ல புள்ள. பக்கத்து ஆளப் பாத்துக் காப்பியடிக்கிற அறிவுதான்” என்று சிரித்தாள்.

திரையில் அக்காவின் கட்டத்திலிருந்து பச்சை கிளம்பி, சில பருவங்களுக்குள் ஊரையே மூடிவிட்டது. நிஜத்தில் அந்த ஒரு தோப்பு மட்டும். எங்கே தப்பு என்று எங்கள் இருவருக்கும் பிடிபடவில்லை.

அந்தச் சமயத்தில் பைப்புக்கு ஃபில்டர் வாங்க அக்கா கோயம்புத்தூர் வந்தார். அவரைக் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குள் வந்தார். ஏசி குளிருக்கு முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார். தோழி புரோகிராமை ஓடவிட்டாள்.

“இதுல நான் எங்கீங்க?”

காட்டினாள். பச்சை பக்கத்துக் கட்டத்துக்குப் பரவியதும் அக்கா கையை நீட்டி நிறுத்தினார்.

“இது எங்க கொழுந்தனார் தோட்டமுங்களே. இது எப்படிப் பச்சையாகும்? அவரு எங்கூட்டுப் பக்கம் வந்தே வருசமாச்சு.”

கணவரின் தம்பி தோட்டம் அது என்பது எனக்குத் தெரியும். சொந்தமாயிற்றே, இன்னும் நெருக்கமாகப் பேசிக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன். கணவர் இறந்த பிறகு இரு குடும்பத்துக்கும் பொதுவான கிணற்றில் தண்ணீர் முறை பற்றிச் சண்டை வந்து, அதனால்தான் அக்கா தனியாக போர்வெல் போட்டிருக்கிறார். கொழுந்தனாருக்கு ஊரில் செல்வாக்கு. அவரைப் பகைத்துக்கொண்டு அக்கா தோப்புக்குள் கால் வைக்க மற்றவர்களுக்கும் தயக்கம். இதையெல்லாம் அன்றுதான் சொன்னார்.

தோழி அந்தத் தொடர்புகளை வெட்டிவிட்டு மறுபடி ஓடவிட்டாள். பருவங்கள் போய்க்கொண்டே இருந்தன. அக்காவின் கட்டம் மட்டும் பச்சையாகத் தனியே நின்றது.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்னவோ போலிருந்தது. தோழி கம்ப்யூட்டரை அணைக்கக் கையைக் கொண்டுபோனாள்.

“இருக்கட்டும் அம்மணி” என்றார் அக்கா. கொஞ்சம் கழித்து, “கொழுந்தனார் சம்சாரம் இதுல எங்கீங்க இருக்கா?” என்று கேட்டார்.

“தோட்டத்துக்கு ஒரு ஆளுதானுங்க வச்சிருக்கோம். குடும்பத் தலைவர் மட்டும்.”

“அவகூட எனக்குச் சண்டையே இல்லீங்க. அவரு போகக் கூடாதுன்னாரு, அவ வராம நின்னுபோட்டா. நானும் கூப்பிடல.”

ஃபில்டரை வாங்கிக்கொண்டு அவர் ஊருக்கு பஸ் ஏறினார்.

அடுத்த முறை நான் போனபோது விஷயம் நடந்து முடிந்திருந்தது. காங்கேயம் சந்தையில் அக்கா தன் ஓரகத்தியை, அந்தக் கொழுந்தனார் மனைவியைப் பார்த்து வலியப் போய்ப் பேசியிருக்கிறார். இருவரும் அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். கணவர் வெளியூர் போன ஒரு நாள் அந்த அம்மாள் தோப்புக்கு வந்து, மரம் மரமாக நின்று, அடிமண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கோடையில் கிணறு வற்றியது. கொழுந்தனார் தோட்டத்தில் மட்டைகள் தொங்கிப்போயின. வீட்டுக்குள் என்ன பேச்சு நடந்ததோ, ஒரு நாள் வேனில் குழாய்ச் சுருள்கள் வந்து இறங்கின. அவர் போட்ட பிறகு மற்றவர்களும் போட ஆரம்பித்தார்கள்.

எனக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்து வந்தன. என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“ஊர் எப்படி மாறுதுன்னு பாக்கப் போயி, நீயே மாத்திட்டு வந்துட்டியேம்மா.”

“அப்ப ஆராய்ச்சியில இந்த ஊர விட்டுடலாமுங்களா சார்?”

“எதுக்கு விடோணும்? நடந்தத நடந்தபடி எழுது. அந்தம்மா திரையப் பாத்த நாள் வரைக்கும் ஒரு பகுதி. அதுக்கப்புறம் வேற பகுதி. ரெண்டையும் கலந்துபோடாத.”

அக்காவிடம் அனுமதி கேட்டேன். “உங்க டிவியப் பாத்துத்தான் போனேன்னு எழுதிக்கோங்க. உள்ளதுதானுங்களே” என்றார்.

தோழி தோட்டத்துக்கு இரண்டு ஆட்களை வைத்துப் புரோகிராமைத் திருத்தினாள். பெண்களுக்குள் தனியாகத் தொடர்பு கொடுத்தாள். கம்ப்யூட்டர் திணறியது, ஒருமுறை ஓடி முடிக்க ஒரு மதியம் பிடித்தது. ஆனால் நான் பிறகு போன வேறு ஊர்களின் நிலைமைக்கு அது முன்னைவிட நெருங்கி வந்தது. எல்லா ஊருக்கும் பொருந்தியது என்று சொல்ல மாட்டேன். வாய்மொழித் தேர்வில் கேள்விகள் எல்லாமே ஆய்வேட்டின் அந்த இரண்டாவது பகுதியைப் பற்றித்தான் வந்தன. தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். பட்டம் கிடைத்தது. தோழி வேலை கிடைத்து பெங்களூர் போய்விட்டாள்.

சொல்லிக்கொள்ள ஊருக்குப் போனேன். அக்கா வீட்டு வாசலில் அவரும் ஓரகத்தியும் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்தனார் இன்னும் அந்த வாசல் மிதிக்கவில்லை. கிணற்றுச் சண்டையும் தீரவில்லை. “வாங் கண்ணு, உக்காருங்க” என்று நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, சினையாக இருந்த எருமையைப் பற்றி விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்கள். நானும் ஒரு கை மொச்சையை எடுத்துக்கொண்டேன்.